சின்னம்மையைப் பழைய வைத்தியம் எப்படிப் பார்த்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால், மருந்தைப் பற்றிய கேள்விகளோடு பழைய காலத்தைப் பற்றிய கேள்விகளும் கிளம்பிவிடுகின்றன. பாட்டி காலத்தில் என்ன செய்தார்கள்? சித்தர் நூல்களில் இது இருக்கிறதா? பெரியம்மையிலிருந்து இதை முதலில் பிரித்துப் பார்த்தது யார்? அப்படிப்பட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. பதில்களில் பாதிக்கு மேல் பெரியம்மையைப் பற்றியே பேசுவதாகத் தோன்றலாம். அதைத் தவிர்க்க வழியில்லை. பல நூற்றாண்டுகளாக வைத்தியர்கள் சின்னம்மையை அதற்காகவே கவனித்ததில்லை; எதிரே இருப்பது பெரியம்மையா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கவனித்தார்கள்.

பழைய மருத்துவ நூல்களில் சின்னம்மை தனி நோயாக இடம்பெற்றிருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. காய்ச்சலோடு உடம்பெங்கும் கொப்புளம் கிளம்பும் நோய்கள் அனைத்தும் ஒரே குடும்பமாக எண்ணப்பட்டன. அந்தக் குடும்பத்தில் ஆளைக் கொல்வதும் உண்டு, தானாக வந்து தானாக இறங்குவதும் உண்டு. லேசானதைக் கண்டால் ‘நல்ல வகை’ என்று வைத்தியர் நிம்மதி அடைந்தார். அது வேறொரு நோய் என்று நினைக்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை.

கிருமி என்ற எண்ணம் இல்லாத காலத்தில் நோய் என்பது உடம்புக்குள் நேரும் கோளாறு. கோளாறு கடுமையானால் கொப்புளமும் கடுமை. தணிந்தால் கொப்புளமும் தணியும். இந்தக் கணக்கில் சின்னம்மை பெரியம்மையின் தணிந்த வடிவமாகத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பெரியம்மை ஒருவரை உருக்குலைத்துக் கொன்றுவிட்டு, அதே வீட்டில் இன்னொருவரைச் சில கொப்புளங்களோடு விட்டுவிடுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து அவர்கள் எடுத்த முடிவு அறிவற்றதல்ல. தவறானது, அவ்வளவுதான்.

அம்மை நோய்களைப் பிரித்துக் காட்டியவர் அல்-ராஸி என்கிறார்களே?

அவர் பிரித்தது பெரியம்மையையும் தட்டம்மையையும். பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்து பாக்தாதிலும் மருத்துவம் பார்த்த அல்-ராஸி, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டு நோய்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். முதுகுவலி, தூக்கத்தில் திடுக்கிடுதல் போன்றவை பெரியம்மைக்கு முன்னோடி என்றும், மனக்கலக்கமும் குமட்டலும் தட்டம்மையில் மிகுதி என்றும் அதில் குறித்தார். படுக்கையருகே உட்கார்ந்து பார்த்தவரின் எழுத்து என்பது படித்தவுடன் தெரியும்.

பெரியம்மை ஏன் வருகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் வேடிக்கையானது, ஆனால் கட்டுக்கோப்பானது. குழந்தையின் இரத்தம் புதிதாகப் பிழிந்த திராட்சைச் சாறு. அது நுரைத்துப் பொங்கித்தான் முதிர்ந்த மதுவாகும். அந்தப் பொங்கலே அம்மை. ஏன் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருகிறது, ஏன் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இதில் விடை இருந்தது. இரண்டையும் இவ்வளவு நேர்த்தியாக விளக்கும் கோட்பாடு கையில் இருக்கும்போது மூன்றாவதாக ஒரு நோயைத் தேட யாருக்குத் தோன்றும்? சின்னம்மை அவருடைய நூலில் தனியாக நிற்கவில்லை.

ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் என்ன சொல்கின்றன?

சுசுருத சங்கிதை ‘மசூரிகா’ என்ற நோயைச் சிறு நோய்களின் பட்டியலில் வைக்கிறது. மசூர் பருப்பளவில் எழும் கொப்புளம் என்பதால் அந்தப் பெயர். பின்னால் வந்த மாதவ நிதானம் அதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்குகிறது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நோயின் கடுமை கூடியதால் இந்த மாற்றம் என்று ஊகிப்பவர்கள் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசத்துக்கு வரும்போது அம்மைத் தெய்வமான சீதளா தேவியே நோயின் பெயராகிவிடுகிறாள். மருந்தோடு துதியும் சேர்ந்துகொள்கிறது. மசூரிகாவின் வகைகள் வாதம், பித்தம், கபம், இரத்தம் என்று எது கெட்டது என்பதை வைத்தும், நோய் உடம்பின் எந்தத் தாதுவரை, அதாவது எந்த அடுக்குவரை, இறங்கியது என்பதை வைத்தும் பிரிக்கப்பட்டன. தோலோடு நின்றால் நீர்க்குமிழி போன்ற கொப்புளம், எளிதில் ஆறும்; எலும்பு, மஜ்ஜைவரை போனால் பிழைப்பது அரிது. தோலோடு நிற்கும் வகையைப் படிக்கும் இன்றைய ஆயுர்வேத மருத்துவர்கள் சின்னம்மையை நினைப்பது இயல்புதான். நூலாசிரியர் அதை வேறு நோயாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தில் வைசூரி எனப்படும் அம்மை 14 வகை. பனைமுகரி, பாலம்மை, வரகுதரி, கொள்ளம்மை, கடுகம்மை, மிளகம்மை, பாசிப்பயற்றம்மை, வெந்தய அம்மை, விச்சிரிப்பு, நீர்க்கொளுவன், தவளையம்மை என்று அந்தப் பட்டியல் நீளும். பாதிப் பெயர்கள் அஞ்சறைப்பெட்டியிலிருந்தும் தானியக் குதிரிலிருந்தும் எடுத்தவை. கொப்புளத்தின் அளவு, வடிவம், நிறம், எத்தனையாம் நாளில் இறங்கும், எது தேறும், எது தேறாது என்பவை ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே சொல்லப்பட்டன. வைத்தியருக்கு அன்று வேண்டியிருந்தது இந்த முன்கணிப்பு. வீட்டாரிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீர்க்கொளுவன்தான் சின்னம்மை, இன்னொன்றுதான் தட்டம்மை என்று பட்டியலுக்குப் பட்டியல் கோடு போட்டு இணைப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 14 வகைகளும் ஒரே நோயின் வெவ்வேறு முகங்களாக எண்ணி எழுதப்பட்டவை. 14ஐயும் மூன்று வைரஸ்களுக்குள் அடைக்க முயன்றால் இரு பக்கமும் கிழியும்.

அப்படியானால் முதலில் பிரித்தவர் யார்?

ஒரே ஆளைச் சொல்ல முடியாது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சிசிலியைச் சேர்ந்த இங்கிராசியாவும், ஃபுளோரன்ஸைச் சேர்ந்த குய்தோ குய்தியும் தெளிந்த நீர் நிறைந்த கொப்புளங்களைத் தனியே குறித்தார்கள். பளிங்குபோல் இருந்ததால் அவற்றுக்குப் ‘பளிங்குகள்’ என்று பொருள்படும் லத்தீன் பெயர் வழங்கியது. இங்கிலாந்தில் 1694இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற மருத்துவர் ‘சிக்கன்பாக்ஸ்’ என்ற இன்றைய ஆங்கிலப் பெயரையே பயன்படுத்தினார். ஆனால் அவருக்கு அது லேசான பெரியம்மைதான். பெயர் தனியாகிவிட்டது, நோய் இன்னும் தனியாகவில்லை.

தாமஸ் ஃபுல்லர் என்ற மருத்துவர் 1730இல் வெளியிட்ட நூலில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. கோழி வாத்தைப் பெறாது, ஓநாய் ஆட்டைப் பெறாது. அதுபோலப் பெரியம்மை தட்டம்மையைப் பெறாது, அவை இரண்டும் சின்னம்மையைப் பெறாது என்றார். ஒவ்வொரு நோய்க்கும் தனி விதை உண்டு என்ற எண்ணம் இது. கிருமிக் கோட்பாடு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. ஆனால் ஃபுல்லரிடம் இருந்தது வாதம் மட்டுமே. சான்றோடு வந்தவர் வில்லியம் ஹெபர்டன்.

ஹெபர்டன் என்னதான் செய்தார்?

1767இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் அவர் ஒரு சிறு கட்டுரை படித்தார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. இன்றும் படிக்க இதமான கட்டுரை. கொப்புளங்களை நாள்வாரியாகப் பின்தொடர்கிறார். முதல் நாள் சிவந்த புள்ளி. இரண்டாம் நாள் அதன் உச்சியில் தினையளவு நீர்க்குமிழி. அதிலிருக்கும் நீர் சிலருக்கு நிறமற்றது, சிலருக்கு மஞ்சள். இரண்டாம் அல்லது மூன்றாம் நாளே முழு வளர்ச்சி. ஐந்தாம் நாள் பொருக்குத் தட்டிவிடும். அந்த நாளில் பெரியம்மைக் கொப்புளம் இன்னும் சீழ் முற்றாமல் இருக்கும். எனவே ஐந்து நாள் பொறுத்திருந்தால் எந்த அம்மை என்பது தெரிந்துவிடும் என்பது அவர் தந்த வழி.

அதைவிட வலுவானது அவருடைய இன்னொரு சான்று. பெரியம்மை கண்டு தேறியவர்களுக்குச் சின்னம்மை வருவதை அவர் பார்த்திருந்தார். சின்னம்மை கண்டவர்களுக்குப் பின்னால் பெரியம்மை வருவதையும் பார்த்திருந்தார். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது இரண்டுக்கும் பொதுவான குணம். இரண்டும் ஒரே நோயானால் ஒன்று மற்றொன்றைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஆகவே இரண்டும் வேறு. இதோடு அவர் நிறுத்தவில்லை. முன்பே சின்னம்மை கண்ட ஒருவரின் கையில் சிறு கீறல் போட்டு, சின்னம்மைக் கொப்புள நீரில் நனைத்த நூலை அதன்மேல் வைத்துக் கட்டிப் பார்த்தார். கீறல் உடனே ஆறியது, தொற்று தலைகாட்டவில்லை.

இந்தத் தர்க்கத்தில் கொப்புளத்தின் உருவத்துக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். அதுவரை எல்லோரும் கண்ணால் பிரிக்க முயன்றார்கள். ஹெபர்டன் நோயாளியின் முன்கதையைக் கேட்டுப் பிரித்தார். என்னைப் பொறுத்தவரை சின்னம்மை தனி நோயானது அங்கேதான்.

ஒரு லேசான நோய்க்கு அவர் ஏன் இவ்வளவு பாடுபட்டார்?

காரணத்தை அவரே சொல்லிவிடுகிறார். இது அற்ப நோய். ஆனால் பெரியம்மையோடு குழப்பிக்கொண்டால் ஆபத்து. சின்னம்மை கண்டவர் ‘எனக்குத்தான் அம்மை வந்துபோய்விட்டதே’ என்று பொய்யான தெம்போடு இருப்பார். பெரியம்மை வீட்டுக்குள் தயங்காமல் நுழைவார். அம்மை குத்திக்கொள்ளவும் மாட்டார்.

இங்கே அம்மை குத்துதல் என்பது ஆங்கில மருத்துவர் ஜென்னரின் பெரியம்மைத் தடுப்பூசி அல்ல. அது 1796இல்தான் வந்தது. அதற்கு முந்தைய முறையில் பெரியம்மைச் சீழையே சிறிதளவு எடுத்துத் தோலில் கீறி ஏற்றினார்கள். வங்கத்தில் இதைச் செய்யும் டீக்காதார்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். கல்கத்தாவில் பணியாற்றிய ஹால்வெல் அந்த முறையைப் பற்றி எழுதிய நூலும் 1767இலேயே வெளிவந்தது. அதே லண்டன் மருத்துவர் கல்லூரிக்கே அவர் அதைச் சமர்ப்பித்தார். ஒரே ஆண்டில், ஒரே சபைக்கு, ஒருவர் அம்மையை வரவழைக்கும் வழியையும் மற்றவர் அம்மையை அடையாளம் காணும் வழியையும் கொண்டுபோயிருக்கிறார்கள். குத்துபவர் தவறிப்போய்ச் சின்னம்மை நீரை எடுத்து ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கொப்புளம் கிளம்பும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள், அடுத்த கொள்ளைநோயில் அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

1767க்குப் பிறகு எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை. இன்னும் நூறாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. ஜென்னரின் தடுப்பூசி பரவிய பின் குழப்பம் கூடவே செய்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்குப் பெரியம்மை வந்தால் அது தணிந்து, சில கொப்புளங்களோடு, சின்னம்மையைப் போலவே வரும். 1818 வாக்கில் எடின்பரோவில் பரவிய கொள்ளைநோயில் இப்படிப்பட்டவர்களைக் கண்ட ஜான் தாம்சன், சின்னம்மையும் பெரியம்மையும் ஒரே விஷத்தின் இரு வடிவங்கள் என்று 1820இல் நூல் எழுதினார். வியன்னாவில் தோல் நோய்களுக்கு அன்று உலகின் மிகப் பெரிய பெயரான ஃபெர்டினாண்ட் ஹெப்ராவும் அதே கட்சி. அவ்வளவு பெரிய ஆள் சொன்னால் எதிர்த்துப் பேச மாணவர்கள் தயங்குவார்கள்.

1875இல் பிராகில் ஸ்டைனர் என்ற மருத்துவர் சின்னம்மைக் கொப்புள நீரை மற்றவர்களுக்கு ஏற்றிச் சின்னம்மையை மட்டுமே உண்டாக்கிக் காட்டினார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்காத சோதனை. ஆனால் அது விடை சொன்னது. ஆங்கில மருத்துவ மாணவர்களுக்கெல்லாம் பாடநூல் எழுதிய வில்லியம் ஆஸ்லர், 1892இல்கூட, இது பெரியம்மையிலிருந்து முற்றிலும் வேறானது என்பதில் ஐயமில்லை என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. ஐயமே இல்லாத விஷயத்துக்கு யாரும் அப்படி எழுதுவதில்லை.

1904இல் மணிலாவின் பிலிபித் சிறையில் சின்னம்மை பரவியபோது அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் டைஸர் கொப்புளத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தார். செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பல உட்கருக்களோடு பெருத்திருந்தன. உட்கருக்களுக்குள் விநோதமான துகள்கள். பெரியம்மையில் காண்பது வேறு. குரங்குகளுக்குப் பெரியம்மை ஏறியது, சின்னம்மை ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒரே நோய் என்று வாதாட இடம் குறைந்துபோனது.

படுக்கையருகே எப்படி வேறுபடுத்தினார்கள்?

மூன்று விஷயங்களைப் பார்த்தார்கள். பெரியம்மையில் கடும் காய்ச்சலும் முதுகுவலியும் இரண்டு முதல் நான்கு நாள் அடித்த பிறகே கொப்புளம் வரும்; குழந்தைகளின் சின்னம்மையில் காய்ச்சலும் கொப்புளமும் ஏறக்குறைய சேர்ந்தே வரும். பெரியம்மை முகத்திலும் கைகால்களிலும் அடர்ந்து, உள்ளங்கை, உள்ளங்காலையும் விடாது. சின்னம்மை மார்பிலும் முதுகிலும் அடர்ந்து, உள்ளங்கையைப் பெரும்பாலும் விட்டுவிடும். மூன்றாவதுதான் மிகவும் நம்பத் தகுந்தது. பெரியம்மையில் ஓரிடத்துக் கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையில் புள்ளி, குமிழி, பொருக்கு மூன்றும் ஒரே சாண் தோலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஏனெனில் அது தவணை தவணையாகக் கிளம்புகிறது.

இவ்வளவு தெரிந்தும் தவறு நடந்தது. தடுப்பூசியால் தணிந்த பெரியம்மை இந்த விதிகளுக்கு அடங்குவதில்லை.

இதில் சென்னைக்கு ஏதாவது பங்கு உண்டா?

உண்டு, அது போதிய அளவு பேசப்படுவதில்லை. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஏ. ஆர். ராவ், 1960களில் ஏறக்குறைய 7,000 பெரியம்மை நோயாளிகளைக் கவனித்துப் பதிவு செய்தார். சாதாரண வகை, தணிந்த வகை, தட்டை வகை, இரத்தக்கசிவு வகை என்று அவர் 1972இல் வெளியிட்ட பகுப்பையே உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இதில் ‘தணிந்த வகை’தான் எடின்பரோவில் தாம்சனைத் திசைதிருப்பியது: தடுப்பூசி போட்டவருக்கு வரும், சின்னம்மைபோல் தோன்றும் பெரியம்மை. சின்னம்மை எது, அதன் வேஷத்தில் வந்த பெரியம்மை எது என்பதற்குத் தெளிவான எல்லை வகுத்ததில் தண்டையார்பேட்டைப் படுக்கைகளுக்குப் பங்கிருக்கிறது. அதற்கும் முன்பே, 1899இல் தொடங்கிய கிண்டி கிங் நிலையம் பெரியம்மைத் தடுப்பூசி மருந்தான அம்மைப்பால் தயாரிக்கும் இடமாக இருந்தது.

பழைய சிகிச்சை என்ன? வெப்பமா, குளிர்ச்சியா?

ஐரோப்பாவில் நெடுங்காலம் வெப்பம். விஷம் தோல் வழியாக வெளியேற வேண்டும், அதற்கு வியர்க்க வேண்டும் என்று ஜன்னலை அடைத்து, நெருப்பு மூட்டி, கம்பளியால் போர்த்தினார்கள். 14ஆம் நூற்றாண்டில் காடெஸ்டன் ஊர் ஜான் அரசகுமாரனைச் சிவப்புத் துணியால் சுற்றிக் குணப்படுத்தியதாக எழுதிவைத்தார். சிவப்பு என்ற எண்ணம் 1890கள் வரை போகவில்லை. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் சிவப்பு ஒளி அறையை அப்போது பரிந்துரைத்தார். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் தாமஸ் சிடன்ஹாம் போர்வையைக் குறை, காற்று வரட்டும் என்று சொன்னபோது அது பெரிய கலகம்.

இந்தியாவில் அந்தக் கலகத்துக்குத் தேவை இருக்கவில்லை. அம்மை என்றால் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி. ஹால்வெல் வங்கத்தில் கண்டதும் அதுவே: அம்மை குத்தியவர்களின் தலையில் குடம் குடமாகக் குளிர்ந்த நீர், மீன், பால், நெய் விலக்கு. சின்னம்மைக்கென்று தனி மருந்து எங்கும் இல்லை. பெரியம்மைக்குச் செய்ததைச் சற்றுக் குறைத்துச் செய்தார்கள்.

வேப்பிலை, மஞ்சள், தலைக்குத் தண்ணீர் ஊற்றுதல்: இவற்றில் பயன் உண்டா?

பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று வாசலில் வேப்பங்கொத்துச் செருகியதும் அந்த வீட்டுக்குள் யாரும் வருவதில்லை. அங்கிருந்து யாரும் விசேஷத்துக்குப் போவதில்லை. கொப்புளமெல்லாம் பொருக்காகும்வரை நோய் தொற்றும் என்பதால் இந்த ஒதுக்கம் உண்மையிலேயே உதவுகிறது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நேரத்துக்குப் பெரும்பாலும் பொருக்கு விழத் தொடங்கியிருக்கும். கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று தொடங்கிவிடுகிறது என்பது மட்டும் அந்தக் காலத்தில் தெரியாது. வேப்பிலை செருகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

நகத்துக்குப் பதில் வேப்பிலையால் வருடுவது நல்லது. புண்ணும் தழும்பும் குறையும். இளநீர், மோர், நுங்கு, பானகம் எல்லாம் காய்ச்சல்காரருக்கு ஏற்றவை. தாளிப்பு கூடாது என்பதால் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. குளிக்கவே கூடாது என்று முதல் தண்ணீர்வரை அழுக்கோடு வைத்திருப்பது தேவையற்றது. வேப்பிலை அந்த வைரஸை உடம்புக்குள் கொல்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

இந்த வழக்கத்தில் எனக்கு வரும் உண்மையான கோபம் ஒன்றே ஒன்று: அம்மை போட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்பது. பெரியம்மைக் காலத்தில் மருத்துவரிடமும் மருந்து இல்லை, அதனால் போகாததில் நட்டம் குறைவு. இன்று கர்ப்பிணிக்கோ, மூச்சுத் திணறும் பெரியவருக்கோ அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாவது வண்டி பிடிக்க வேண்டும். இன்னொன்று, அம்மைக் காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1980களில் தெளிவானது.

அக்கிக்கும் சின்னம்மைக்கும் தொடர்பு உண்டு என்று எப்போது தெரிந்தது?

மிகவும் பிந்தி. எல்லா மரபுகளிலும் இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருந்தன. நம் ஊரில் அம்மைக்கு மாரியம்மன், அக்கிக்குக் குயவர். காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதும் குயவரிடம் போனவர் யாரும், சிறுவயதில் வந்த அம்மை இதற்குக் காரணம் என்று எண்ணியதில்லை. எண்ண வாய்ப்புமில்லை, நடுவில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடியிருக்கும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புடாபெஸ்டின் குழந்தை மருத்துவர் போகாய், அக்கி கண்ட பெரியவர் இருக்கும் வீட்டில் சில நாட்களில் பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்தார். 1920களில் வியன்னாவில் குந்த்ராதிட்ஸ் அக்கிக் கொப்புள நீரைக் குழந்தைகளுக்கு ஏற்ற, அவர்களுக்குச் சின்னம்மை வந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தாமஸ் வெல்லர் இரண்டு நோய்களிலிருந்தும் வைரஸை வளர்த்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார்.

அந்த வைரஸ் இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கே இருக்கிறது என்ற புதிரை விடுவித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் குடும்ப மருத்துவர். பல்கலைக்கழகப் பதவி இல்லை. தன் நோயாளிகளின் அக்கியை 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்து, 1965இல் எழுதினார்: சின்னம்மை இறங்கிய பின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிவிடுகிறது, எதிர்ப்பு சக்தி தளரும்போது அந்த நரம்பு வழியே திரும்புகிறது. அக்கி ஏன் உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டைபோல் வருகிறது என்பதற்கும் இதில் விடை இருந்தது. ஒரே ஊரில் ஒரே மருத்துவர் நெடுங்காலம் தங்கியதால்தான் இது கண்ணில் பட்டது.

பெரியம்மை ஒழிப்பில் சின்னம்மை தொல்லை கொடுத்ததா?

நிறையவே. இந்தியாவில் 1970களில் வீடு வீடாகத் தேடியபோது ‘அம்மை’ என்று காட்டப்பட்டவற்றில் பெரும்பகுதி சின்னம்மை. ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்தாக வேண்டும். நாட்டின் கடைசி நோயாளி 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டார். அதன்பின் பெரியம்மையைக் காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள். யாருக்கும் கொடுக்க வேண்டிவரவில்லை. ஐயமிருந்தால் பொருக்கை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மின்னணு நுண்ணோக்கியில் பெரியம்மை வைரஸ் செங்கல் வடிவில் தெரியும், சின்னம்மை வைரஸ் அப்படித் தெரியாது.

உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா நகர மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின். 1977 அக்டோபரில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மலேரியா என்றார்கள். கொப்புளம் வந்ததும் சின்னம்மை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹெபர்டன் கட்டுரை படித்து 210 ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்லவேளையாக மாலின் பிழைத்தார், அவரிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை.

சின்னம்மைக்குத் தடுப்பூசி எப்போது வந்தது?

1974இல், ஜப்பானில். மிச்சியாகி தகஹாஷி அமெரிக்காவில் பணியாற்றியபோது அவருடைய சிறு மகன் கடும் சின்னம்மையில் தவித்தான். ஒசாகா திரும்பியவர் அந்த வைரஸைப் பலவீனப்படுத்தும் வேலையில் இறங்கினார். தடுப்பூசியின் ‘ஓகா’ வகை, வைரஸ் எடுக்கப்பட்ட சிறுவனின் குடும்பப் பெயரைத் தாங்கியிருக்கிறது. அமெரிக்கா 1995இல் அனுமதித்தது. அந்த நாடுகளில் பெரியம்மை இருந்தவரை யாரும் இதற்குத் தடுப்பூசி கேட்டதில்லை. அது போன பிறகுதான், புற்றுநோய் சிகிச்சையிலிருக்கும் பிள்ளைகளைச் சின்னம்மை கொல்வது பெரிதாகத் தெரிந்தது. இந்தியாவில் அரசின் இலவச அட்டவணையில் இது சேர்க்கப்படவில்லை. தனியாரிடம் இரண்டு தவணையாகப் போடுகிறார்கள்.

என் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. எனக்குச் சின்னம்மை வராதுதானே?

வரலாம். பெரியம்மைத் தடுப்பூசி சின்னம்மையைத் தடுக்காது. பெரியம்மையே கண்டவருக்கும் சின்னம்மை வரும் என்பதைத்தான் ஹெபர்டன் காட்டினார். மேலும் அந்தத் தழும்பு காசநோய்க்குப் போடும் பிசிஜியுடையதாகவும் இருக்கலாம். 1970களின் பிற்பகுதிக்குப் பின் பிறந்தவரானால் அதுவாகத்தான் இருக்கும். வெப்ப நாடுகளில் சிறுவயதில் சின்னம்மை வராமல் தப்பிப் பெரியவர்களானவர்கள் குளிர் நாடுகளைவிட அதிகம், பெரியவர்களுக்கு அது கடுமையாகவும் வரும். முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் அசைக்ளோவிர் மாத்திரை நன்றாக வேலை செய்யும்.